கொரங்காட்டுக் குள்ளநரி எங்கே?

பாட்டி வடை சுட்ட கதையைக் கேளாமல் வளர்ந்தவர் நம்முள் எவரும் இலர். ஆனால் "நரியை நேரில் கண்டவர் யார்?" என்று எங்கள் வகுப்பில் கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை. வீட்டிற்குச் சென்று அப்புச்சியையும் அம்முச்சியையும் கேட்டோம். காங்கயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் படுத்திருக்கையில் நரி ஊளையிடுவதை அடிக்கடி கேட்டதாகவும், பொழுது புலர்கையில் குள்ளநரி வேலியோரம் ஓடுவதைக் கண்டதாகவும் அவர்கள் சொன்னார்கள். இரண்டு தலைமுறைக்குள் இந்த மாற்றம் ஏன் நேர்ந்தது? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு விலங்குகள், ஒரு பெயர்

நம் ஊரில் 'நரி' என்ற ஒரே சொல்லால் இரண்டு விலங்குகளைக் குறிக்கிறோம். ஒன்று, கூட்டமாய் ஊளையிடும் பெரிய நரி. இதன் எடை ஏறத்தாழ 8 முதல் 11 கிலோ. மற்றொன்று, 2 முதல் 4 கிலோ எடையே உள்ள சிறிய நரி. மெலிந்த கால்களும், கூர்மையான முகமும், கரிய நுனியுள்ள அடர்ந்த வாலும் இதன் அடையாளங்கள். இக்கட்டுரையில் சிறியதைக் குள்ளநரி என்றே அழைப்போம். அறிவியலார் இதனை 'வல்பஸ் பெங்காலென்சிஸ்' என்பர். இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இவ்விலங்கு இயற்கையாக வாழ்வதில்லை.

தமிழரான வனவிலங்கு அறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங் 1978ஆம் ஆண்டிலேயே குள்ளநரியின் வாழ்க்கையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 2024இல் அவர் மறைந்தார்.

வாழ்க்கை முறை

குள்ளநரி அடர்ந்த காட்டை விரும்புவதில்லை. நஞ்சை வயலையும் விரும்புவதில்லை. குட்டையான புல்லும் இடையிடையே முட்செடியும் உள்ள வறண்ட திறந்த வெளியே அதற்கு ஏற்ற இடம். மண்ணில் பல வாயில்களுள்ள வளையைத் தோண்டி வாழ்கிறது. ஒரு வாயிலில் ஆபத்து வந்தால் மற்றொன்றின் வழியே தப்பி விடலாம் அல்லவா? ஆணும் பெண்ணும் இணையாக வாழும். கருவுற்ற ஐம்பது நாள்களுக்குச் சற்று மேல் தாய் நரி குட்டிகளை ஈனும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள் இருக்கும். தாயும் தந்தையும் சேர்ந்தே அவற்றைப் பேணி வளர்க்கின்றன.

எலி, வெட்டுக்கிளி, வண்டு, கறையான், ஓணான், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, இலந்தைப் பழம் ஆகியவை அதன் உணவு. எலியையும் வெட்டுக்கிளியையும் தின்பதால் கூலி கேளாத காவற்காரன் என்று அதனைச் சொல்லலாம். நரி இனம் கோழியைத் தூக்கிச் செல்வதும் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று கிலோ எடையுள்ள குள்ளநரியால் வளர்ந்த செம்மறி ஆட்டைக் கொல்ல இயலாது.

கொரங்காடு

குள்ளநரிக்கு வேண்டிய வெளியைக் கொங்கு நாட்டு உழவர்கள் தங்களை அறியாமலே காத்து வந்தனர். காங்கயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் உள்ள மேய்ச்சல் நிலத்தைக் கொரங்காடு என்பர். சுற்றிலும் உயிருள்ள கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே நிழலுக்கு வெள்வேல மரம் - இதுவே கொரங்காடு. காங்கயம் மாடுகளும் மயிலம்பாடி ஆடுகளும் இங்கே மேய்ந்து வளர்ந்தன. மேய்ச்சலுக்கென்றே விடப்பட்ட நிலமாதலால் ஆண்டுதோறும் ஏர் ஓடுவதில்லை. ஆகவே வளை கலைவதில்லை.

கீழ்பவானி, பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத்தால் வறண்ட நிலத்தின் ஒரு பகுதி விளைநிலமாயிற்று. அது மக்களுக்கு வாழ்வளித்த நன்மை. பின்னர் வீட்டு மனைகளும், ஆலைகளும், அகன்ற சாலைகளும் வந்தன. கவனிப்பாரற்ற இடங்களில் சீமைக்கருவேலம் புகுந்து புல்லை அழித்தது. இவ்வாறு குள்ளநரியின் வீடு துண்டு துண்டாயிற்று.

பெரியது சிறியதை விரட்டும்

வீடு சுருங்கியதோடு துன்பம் முடியவில்லை. ஒரே உணவைத் தேடும் இரண்டு இனங்கள் ஓரிடத்தில் வாழ்ந்தால் பெரியது சிறியதை விரட்டும். சில வேளைகளில் கொல்லும். கொன்றதைத் தின்னாமல் விட்டுச் செல்வதும் உண்டு.

வட அமெரிக்காவில் இதற்கு நல்ல சான்று உண்டு. அங்கே மனிதர் ஓநாய்களைப் பெரும் பகுதிகளில் அழித்தனர். ஓநாய்க்கு அஞ்சியிருந்த கயோட்டி என்னும் விலங்கு கண்டம் முழுவதும் பரவியது. கயோட்டி மிகுந்த இடங்களில் சிறு நரிகள் கொல்லப்படுகின்றன. செந்நரிகள் கயோட்டி வரத் தயங்கும் வீடுகளின் அருகே ஒதுங்குகின்றன. 1995இல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்களை மீண்டும் விட்டபோது, அங்கே கயோட்டியின் தொகை குறைந்தது. இயற்கையின் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தால் அதன் விளைவு எங்கோ போய் முடிகிறது.

நம் நாட்டில் கயோட்டி இல்லை. இங்கே அதன் இடத்தைப் பிடித்திருப்பது காவலற்றுத் திரியும் நாய். மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூருக்கு அருகிலுள்ள நான்னஜ் புல்வெளியில் அபி தமீம் வனக் என்னும் அறிஞர் குள்ளநரிகளை ஆராய்ந்தார். அருகில் நாய் இருந்தால் குள்ளநரி உணவை நெருங்கத் தயங்குகிறது. நெருங்கினாலும் தின்பதை விடச் சுற்றுமுற்றும் பார்ப்பதிலேயே நேரம் கழிகிறது என்று அவர் ஆய்வு காட்டியது. கடிபடாமலே குள்ளநரி பட்டினி கிடக்கிறது. வெறிநோய், டிஸ்டெம்பர் போன்ற நோய்களும் நாயிடமிருந்து நரிக்குத் தொற்றக் கூடியவை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். எலி குறைந்தால் குள்ளநரி குறையும். இது இயற்கையின் கணக்கு. நாய்க்கு அந்தக் கணக்கு இல்லை. இறைச்சிக் கடைக் கழிவும், கோழிக் கழிவும், வீட்டு எச்சிலும் அதற்கு நாள்தோறும் கிடைக்கின்றன. ஆகவே காட்டில் இரை குறைந்தாலும் நாயின் தொகை குறைவதில்லை. நாயின் மேல் குற்றம் இல்லை. அதைப் பெருக்கியது நாம் சாலையோரத்தில் எறியும் கழிவுதான்.

இதன் துன்பம் குள்ளநரியோடு நிற்கவில்லை. காங்கயம், வெள்ளக்கோவில், சென்னிமலைப் பகுதிகளில் பட்டியில் அடைத்த ஆடுகளை நாய்கள் கடித்துக் கொன்றன. 2024, 2025ஆம் ஆண்டுகளில் உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடினர். ஓர் ஏழைக் குடும்பத்திற்குப் பத்து ஆடுகள் என்பது மகளின் படிப்பும் திருமணமும் ஆகும்.

நம்பிக்கையும் உண்மையும்

நரி முகத்தில் விழித்தால் நல்லது என்பது நம் மக்களின் நம்பிக்கை. இதனால் சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்துச் சில ஊர்களில் பொங்கலையொட்டி நரியைப் பிடித்து வந்து ஓடவிடும் வழக்கம் உண்டு. வனத்துறையினர் இதற்கு அபராதம் விதித்துள்ளனர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியைப் பிடிப்பது குற்றம். 'நரிக்கொம்பு' வைத்திருந்தால் செல்வம் வரும் என்பதும் மூடநம்பிக்கையே. நரிக்குக் கொம்பு கிடையாது.

நரி குறைந்ததால்தான் மயில் பெருகிப் பயிரை அழிக்கிறது என்று உழவர்கள் கூறுகின்றனர். தரையில் இடப்படும் மயில் முட்டையை நரி உண்பது மெய்யே. எனினும் அது ஒன்றே காரணம் என்று துணிந்து சொல்லிவிட முடியாது. மயிலுக்கு ஒதுங்க இடம் தரும் புதர்களும் பெருகியுள்ளன.

நாம் செய்யக் கூடியவை

கழிவைக் குளக்கரையிலும் சாலையோரத்திலும் கொட்டாதிருப்போம். வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட்டு, இரவில் கட்டி வைப்போம். தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சியின் கடமை என 2023ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அதனைப் பெற்றோர் மூலம் கேட்டுப் பெறுவோம். தோட்டத்தில் வளை கண்டால் மூடாமலும் நஞ்சு வைக்காமலும் இருப்போம். கொரங்காடு உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் அதனை விற்று விடாதபடி பெரியோரிடம் பரிந்து பேசுவோம்.

நரிகளுக்கும் தங்குவதற்கு வளை இருப்பதை நம் ஆண்டவர் நற்செய்தியில் குறிப்பிடுகிறார். எளிய உயிர்களைச் சகோதரர் என்று அழைத்த புனித அசிசி பிரான்சிசைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979இல் சுற்றுச்சூழல் பணியாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். பூமி நம் அனைவரின் பொது இல்லம் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் நினைவூட்டினார். அந்த இல்லத்தில் குள்ளநரிக்கும் ஒரு வளை உண்டு. அதை அடைக்கும் உரிமை நமக்கு இல்லை.

என்றோ ஒரு நாள் இதே வகுப்பறையில் எங்கள் தங்கையரிடம், "நரியை நேரில் கண்டவர் யார்?" என்று ஆசிரியை கேட்கும்போது, ஒரு கையாவது உயர வேண்டும். அதற்காக இன்றே முயல்வோம்.