சில்லுக்கு அசிட் வேண்டாம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் காருக்கும் வேனுக்கும் மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் நம் பகுதியில் ஓடிய வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஜப்பானிலிருந்து அவற்றோடு வந்த அலோய் ரிம்களுக்கும் வயதாகிவிட்டது. ஒன்று பழுதானால் அதற்குச் சோடி தேடிப் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும், எஞ்சின் ஒயிலைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றுகிற நம்மவர்கள் சில்லு விசயத்தில் மட்டும் காதால் கேட்டதையே செய்கிறார்கள். பெருநாளைக்கு முதல் நாள் சேர்விஸ் ஸ்டேசனில் வரிசையில் நிற்கும் வாகனங்களின் சில்லுகளுக்கு நடப்பதைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

“இறக்காமம் என்ன கடக்கரையா? உப்புக்காத்தெல்லாம் சாய்ந்தமருதுக்காரனுக்கும் மருதமுனைக்காரனுக்கும்தான்.” சில்லை உப்பு அரிக்கும் என்றால் நம் ஊரில் பலர் சொல்லும் இது பாதி உண்மை. கடற்காற்றில் வரும் உப்புத் துளிகளில் பெரும்பகுதி கரையோரத்திலேயே படிந்துவிடும். உள்ளே வரவரக் குறையும். ஆனால் நம் வாகனம் ஊருக்குள்ளேயே நிற்பதில்லையே. கல்முனைச் சந்தைக்கும் அக்கரைப்பற்றுக் கடைகளுக்கும் ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கும் போய் வருகிறது. பின்னேரம் பிள்ளைகளோடு கடற்கரையில் நிறுத்திவிட்டுத் திரும்பும்போது சில்லில் உப்பும் ஏறி வருகிறது.

ஊருக்கு வந்தபின் அந்த உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானாகவே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதி ஈரம்கூடத் தேவையில்லை. நம் பக்கத்து இரவுகளில், அதுவும் மாரி காலத்தில், ஈரப்பதன் 75ஐத் தாண்டுவது வழமை. ஆகவே பகலில் காய்ந்து கிடக்கும் சில்லு இரவெல்லாம் உப்புநீரில் நனைந்தபடி நிற்கிறது. கடற்கரைக்குப் போய்வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரால், சில்லின் உட்பக்கத்துக்கும் சேர்த்து, அடித்துக் கழுவிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை வரை விட்டுவைத்தால் அத்தனை இரவும் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

வட்டைக்குப் போகும் பட்டா லொறிக்கு வேறொரு உப்பும் இருக்கிறது. வெள்ளாமைக்கு வீசும் எம்.ஓ.பி. பசளை என்பது பொட்டாசியம் குளோரைட்டு. மூடையிலிருந்து சிந்தி, சேற்றோடு சேர்ந்து ரிம்மில் ஒட்டினால் அதுவும் உலோகத்தை அரிக்கும். கடல் பக்கமே போகாத வாகனத்துக்கும் இந்தப் பாதிப்பு உண்டு.

இனி அசிட் கதை. “கொஞ்சம் அசிட் அடிச்சா வெள்ளி மாதிரி வரும் காக்கா” என்று சேர்விஸ் ஸ்டேசன் பொடியன் சொல்வது பொய்யில்லை, அன்றைக்கு வரும். அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அலோய் ரிம்மின் மேல் பெயின்டும், அதற்கு மேல் கண்ணாடி போன்ற லேக்கர் பூச்சும் இருக்கின்றன. அடியில் இருக்கும் அலுமினியம் தன்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைத் தானே உண்டாக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. பிஎச் பெறுமானம் ஏறத்தாழ 4 தொடக்கம் 8.5 வரை இருக்கும்போதுதான் அந்தப் படலம் நிலைத்து நிற்கும். அசிட் பட்டாலும் கரையும், கடுமையான சோடா பட்டாலும் கரையும். கழிவறை கழுவும் போத்தல்கள் பலவற்றில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். அது படலத்தைக் கரைப்பதோடு நிற்காமல், அதிலுள்ள குளோரைட்டு அலுமினியத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகளைத் தோண்டும். லேக்கரில் சிறு கீறல் இருந்தால் ஈரமும் குளோரைட்டும் அதன் வழியே உள்ளே போய், பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல் வெள்ளைக் கோடுகளாகப் படரும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் கழுவிப் பயனில்லை. பூச்சை முழுதாக உரித்துப் புதிதாக அடிக்க வேண்டும்.

ரிம்மைவிட எனக்குப் பெரிய கவலை அதைக் கழுவும் பொடியன்களைப் பற்றியது. ரிம் கழுவவென்று விற்கும் சில திரவங்களில் ஐதரோபுளோரிக் அமிலமோ அமோனியம் பைபுளோரைட்டோ இருக்கும். ஐதரோபுளோரிக் அமிலம் ஐதாக இருந்தால் தோலில் பட்டவுடன் எரியாமலும் இருக்கலாம். சில மணி நேரம் கழித்துத்தான் வலி கிளம்பும். அதற்குள் அது தோலைக் கடந்து உள்ளே போய், உடம்பிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்துகொள்ளும். கூடுதலாகப் பட்டால் இருதயத் துடிப்பையே குழப்பிவிடும். கையுறையும் சப்பாத்தும் இல்லாமல், செருப்புக் காலோடு ஒரு பொடியன் இதைத் தெளிக்கும்போது “இன்னும் கொஞ்சம் போடு தம்பி” என்று நாம் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. போத்தலில் இந்தப் பெயர்கள் இருந்தால், அல்லது பெயரே இல்லாத போத்தலாக இருந்தால், என் சில்லுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டுவிட்டால் தாமதிக்காமல் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்ன பட்டது என்பதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரி, ரிம்மில் படியும் கபிலநிறப் புள்ளிகள் அசிட் இல்லாமல் போகுமா? போகும். அவை இரும்பு. பிரேக் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கிலிருந்தும் பேடிலிருந்தும் சூடான தூள் பறந்து ரிம்மில் ஒட்டுகிறது. ஈரம் பட்டதும் துருவாகிறது. பிரேக்கின் பெரும்பங்கை முன்சில்லுகள் சுமப்பதால்தான் அவை பின்சில்லுகளைவிடக் கறுக்கின்றன. இரும்புத் தூளைக் கரைப்பதற்கென்றே அமிலமில்லாத திரவங்கள் கிடைக்கின்றன. தெளித்ததும் ஊதா நிறமாக மாறி வழியும். கிழமைக்கு ஒருமுறை வாகன ஷாம்பூவும் மெல்லிய பிரஷும் போட்டு, நிழலில், சில்லு ஆறியபின் கழுவுகிறவருக்கு அதுவும் அடிக்கடி தேவைப்படாது. சட்டி விளக்கும் கம்பித் தும்பு மட்டும் ரிம் பக்கமே வரக் கூடாது.

மழை கழுவிவிடும் என்று இருப்பவர்கள் ஒருதரம் சில்லைக் கழற்றி உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மழைநீர் முகத்தைத்தான் நனைக்கும். வட்டைச் சேறு ரிம்மின் உள்வளைவில் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்தால் சில்லின் சமநிலை கெட்டு, அறுபது எழுபதில் ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கும். அலைன்மென்டுக்குக் காசு கொடுக்குமுன் அந்தச் சேற்றைத் தட்டிப் பாருங்கள்.

அதற்காக வாகனத்தைக் குளத்தில் இறக்குவது தீர்வாகாது. ஓடி வந்த சூட்டோடு அச்சுவரை தண்ணீரில் நின்றால் பெயரிங்குக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். தேய்ந்த சீல் வழியாக அது தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கொஞ்ச நாளில் சில்லிலிருந்து உறுமல் கேட்கும். கழுவிய ஒயிலும் கிரீஸும் குளத்தில் மிதக்கும். அந்தத் தண்ணீரில்தான் வலை வீசுகிறோம், அதுதான் வெள்ளாமைக்கும் பாய்கிறது.

இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்று இறங்கும் டயரை “பஞ்சர்” என்று கொண்டுபோவார்கள். தொட்டியில் அமுக்கிப் பார்த்தால் டயரில் ஓட்டை இருக்காது. டயரின் விளிம்பும் ரிம்மும் சேரும் இடத்தில் கடுகளவு குமிழிகள் வரிசையாக எழும். டயரைப் பிரித்தால் ரிம்மின் உதட்டில் வெள்ளை மா பூத்துக் கிடக்கும். இரும்பு ரிம்மானால் துருச் செதில். அரிப்பு அங்கேதான் இடம் பிடிக்கிறது, வெளியே எவ்வளவு மினுங்கினாலும். புதிய டயர் மாற்றினாலும் இந்த ஒழுக்கு நிற்காது. உதட்டை நன்றாகச் சுரண்டித் துடைத்து, சீலர் பூசி, மறுபடி போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கழுவி வைத்த மறுநாள் காலை டிஸ்க் செம்மஞ்சளாக இருந்தால் பயம் வேண்டாம். அது வார்ப்பிரும்பு, ஓர் இரவிலேயே மேல்துரு பிடிக்கும். நாலைந்து தடவை பிரேக் அடித்தால் போய்விடும். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வேகத்தைக் குறைப்பதில் பாதி வேலையை மோட்டாரே செய்துவிடுவதால் ரிம்மில் தூள் குறையும், ஆனால் உராயாத டிஸ்க்கில் துரு தங்கும், கலிப்பர் ஊசிகளும் இறுகும். “ஹைபிரிட்டுக்குப் பிரேக் பார்க்கத் தேவையில்லை” என்பது கரையோர ஊர்களுக்குப் பொருந்தாத பேச்சு.

டயருக்கு டீசலும் பழைய எஞ்சின் ஒயிலும் பூசுவதை உடனே நிறுத்த வேண்டும். றப்பர் அதை உறிஞ்சி ஊதி மென்மையாகும், வெடிப்பைத் தடுக்கவென்று அதில் சேர்த்திருக்கும் மெழுகும் கரைந்து போகும். கறுப்பாக மினுங்கும் பழைய டயரை வாங்குமுன் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது.

கடைசியாக நட்டு. “கிரீஸ் பூசினா துரு வராது, லேசாக் கழலும்” என்று கராஜ்களில் பூசிவிடுகிறார்கள். கம்பனிகள் பெரும்பாலும் காய்ந்த நிலையில் இறுக்கத்தான் அளவு சொல்லியிருக்கின்றன. டொயோட்டாவின் சிறிய கார்கள் பலவற்றுக்கு அது 103 நியூட்டன் மீட்டர். கிரீஸ் பூசிய நட்டை அதே அளவுக்கு இறுக்கினால் போல்ட் தாங்க வேண்டியதைவிட மிகக் கூடுதலாக இழுபடும். ரிம் ஹப்போடு ஒட்டிப்போகாமல் இருக்க வேண்டுமென்றால், கம்பிப் பிரஷால் ஹப்பின் துருவை எடுத்துவிட்டு, நடு வளையத்தில் மட்டும் ஒட்டாமல் தடுக்கும் பசையை விரல் நுனியால் மெல்லத் தடவச் சொல்லுங்கள். போல்ட்டிலும் டிஸ்க்கிலும் அது படக் கூடாது.