சுவாமிமலைப் படிகளும் கால்குலேட்டர் படிகளும்

கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சுவாமிமலைக் கோயிலுக்குச் சென்றிருக்கிறீர்களா? முருகன் சந்நிதிக்கு ஏற 60 படிகள் உண்டு. பிரபவ முதல் அட்சய வரையுள்ள 60 தமிழ் ஆண்டுகளின் பெயர்களை அப்படிகள் தாங்கி நிற்கின்றன. மாணவ நண்பர்களே, 2046ஆம் ஆண்டு சித்திரையில் பிறக்கும் தமிழ் ஆண்டு எத்தனையாவது படி? இதை 49 படிகள் மட்டுமே கொண்ட ஒரு பழைய கருவியிடம் கேட்டுப் பார்ப்போம்.

அந்தக் கருவி எச்.பி.-25 என்னும் கால்குலேட்டர். அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் 1972இல் எச்.பி.-35 என்ற கைக்கருவியை வெளியிட்டது. சைன், லாக் முதலியவற்றை அது நொடியில் தந்தது. ஆயினும் ஒரே கணக்கை நூறு எண்களுக்குச் செய்ய வேண்டுமானால், நூறு முறையும் எல்லா விசைகளையும் அழுத்தியாக வேண்டும். 1974இல் வந்த எச்.பி.-65 இத்தொல்லையைப் போக்கியது. அழுத்த வேண்டிய விசைகளின் வரிசையை அது நினைவில் வைத்துக்கொண்டது. இந்த வரிசையே 'புரோகிராம்'. அதன் ஒவ்வோர் ஆணையும் ஒரு 'படி'. 100 படிகளை ஒரு சிறு காந்த அட்டையில் பதிந்தும் வைக்கலாம். 1975 ஜூலையில் அப்போலோ-சோயுஸ் விண்வெளிப் பயணத்தில் இக்கருவியும் சென்றது. ஆனால் விலையோ 795 டாலர்!

1975இல் வந்த எச்.பி.-25இன் விலை 195 டாலர். இதில் 49 படிகளும், எண்களைச் சேமிக்க 8 இடங்களும் உண்டு. அட்டை கிடையாது. நிறுத்தினால் புரோகிராம் அழிந்துவிடும். அழியாத நினைவு 1976இல் எச்.பி.-25சி-யில்தான் வந்தது.

இக்கருவியில் 'சமம்' விசையே இல்லை! 3, என்டர், 4, + என்று அழுத்தினால் 7 வரும். எண்கள் முன்னே, செயல் பின்னே. "மூன்றோடு நான்கைக் கூட்டு" என்று நாம் சொல்வதும் அப்படித்தானே? தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதுபோல, இங்கே கூட்டல் குறி கடைசியில் வருகிறது.

இனி நம் கணக்கு. பிரபவ ஆண்டு 1987 சித்திரையில் பிறந்தது. 1987ஐ 60ஆல் வகுத்தால் மீதி 7. ஆகவே ஆங்கில ஆண்டிலிருந்து 7ஐக் கழித்து, 60ஆல் வகுத்து, மீதியுடன் 1ஐக் கூட்டினால் படியின் எண் கிடைக்கும். ஈவின் பின்னப் பகுதியை 60ஆல் பெருக்கினால் மீதி வந்துவிடும் அல்லவா? எனவே நம் புரோகிராம் இது:

என்டர், 7, −, 6, 0, ÷, பின்னப் பகுதி, 6, 0, ×, 1, +

மொத்தம் 12 படிகளே. 2024 என்று கொடுத்து ஓட விட்டால் 38.00 என வரும். 38ஆவது ஆண்டு குரோதி, சரிதான். 2046 கொடுத்தால் 60.00 வரும். அது கடைசிப் படியான அட்சய. இதுவும் சரி.

ஆனால் சற்றுப் பொறுங்கள். "பின்னம் எதற்கு? முழு எண்ணாகவே வரட்டும்" என்று நினைத்து, பின்னத்தை வெட்டிவிடும் 'முழு எண்' ஆணையை 13ஆவது படியாகச் சேர்த்தால் என்ன ஆகும்? 2024க்கு 38தான் வரும். 2046க்கோ 59 வரும்! நாம் அட்சய ஆண்டை விட்டுக் குரோதன ஆண்டுக்கு ஒரு படி இறங்கிவிட்டோம்.

கருவி பழுதா? இல்லை. 2039ஐ 60ஆல் வகுத்தால் 33.98333... என்று முடிவின்றி நீளும். கருவி வைத்திருப்பதோ 10 இலக்கங்கள்: 33.98333333. இதன் பின்னப் பகுதியை 60ஆல் பெருக்கினால் 58.9999998, 1ஐக் கூட்டினால் 59.9999998. கண்ணாடியில் இரண்டு தசம இடங்கள் மட்டுமே தெரிவதால் 60.00 என்று காட்டியது. பின்னத்தை வெட்டியதும் உள்ளிருந்த 59 வெளியே வந்துவிட்டது!

கருவி காட்டும் எண் வேறு, அது வைத்திருக்கும் எண் வேறு. இன்றைய கணிப்பொறிகள் இன்னும் அதிக இலக்கங்களை வைத்திருந்தாலும் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே 2024க்குச் சரியாக வந்தது என்பதால் ஒரு புரோகிராமை நம்பிவிடக் கூடாது. முதல் படி, கடைசிப் படி ஆகிய எல்லைகளிலும் சோதிக்க வேண்டும்.

இப்பிழைக்கு மருந்து என்ன? மீதியைப் பின்னத்திலிருந்து எடுக்காதீர்கள். ஈவின் முழு எண்ணை மட்டும் எடுத்து 60ஆல் பெருக்கி, 2039இலிருந்து கழியுங்கள். 33 × 60 = 1980; மீதி 59; ஒன்றைக் கூட்ட, அப்பழுக்கற்ற 60.

செய்து பாருங்கள்: 1947 ஆகஸ்ட் 15 எந்தத் தமிழ் ஆண்டில் வந்தது? நீங்கள் பிறந்தது எந்தப் படி? சித்திரைக்கு முன் பிறந்தவர்கள் எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும்? திருத்திய புரோகிராமை எச்.பி.-25க்கு ஏற்ப 15 படிகளில் எழுத முடியும். தாளில் எழுதிப் பாருங்கள்.