கடலடி உப்பு கூறும் சான்று

மத்தியதரைக் கடலுக்கும் அட்லாண்டிக் மாகடலுக்கும் இன்று இயற்கை வாயிலாக உள்ளது ஜிப்ரால்டர் நீரிணை ஒன்றே. இக்கடல்களின் தொடர்பு என்றும் தடையின்றி இருந்ததா? 1970-ஆம் ஆண்டில் 'குளோமார் சாலஞ்சர்' என்னும் கப்பல் மத்தியதரைக் கடலடியைத் துளைத்தபோது, சேற்றுக்குக் கீழே ஜிப்சமும் கல்லுப்பும் கிடைத்தன. உப்பளத்தில் நீர் வற்ற வற்ற முதலில் ஜிப்சமும், பின்னர் உப்பும் படிவதை அறிவோம். ஆகவே, சுமார் 60 இலட்சம் ஆண்டுகட்கு முன் நீர்வரத்துக் குறைந்து, ஆவியாதல் மிகுந்திருத்தல் வேண்டும்.

அக்கடல் ஒருமுறை முழுதும் வற்றினால் சராசரியாகச் சில பத்து மீட்டர் உப்பே எஞ்சும். அங்கோ சில இடங்களில் உப்பின் கனம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல்! எனவே, தொடர்பு குறுகிய பின்னரும் நெடுங்காலம் கடல்நீர் உள்ளே வந்துகொண்டிருந்தது என்பது தெளிவு.

உப்புக்கு மேலே, திறந்த கடலில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் நிறைந்த சேறு படிந்துள்ளது. சுமார் 53 இலட்சம் ஆண்டுகட்கு முன் அட்லாண்டிக் நீர் மீண்டும் தடையின்றிப் புகுந்தது என்பதற்கு அச்சேறே சான்று.