அரிய புற்றுநோய்: ஓசூர் வட்டாரத்து ஐந்து நம்பிக்கைகள்

நம்பிக்கை: லட்சத்தில் ஒருவருக்கு வருவதற்குத் தனிக் கொள்கை எதற்கு?

உண்மை: ஆண்டுக்கு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வந்தால் அரிய புற்றுநோய் என்கிறது ஐரோப்பிய வரையறை. ஒவ்வொன்றும் சொற்பம்தான். எல்லாம் சேர்ந்தால் ஐரோப்பாவில் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். நம் அரசின் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களையே முக்கியமாகத் தேடுகிறது. மற்றவை பிடிபடுவது, முதலில் பார்க்கும் மருத்துவருக்குச் சந்தேகம் தட்டினால்தான்.

நம்பிக்கை: கட்டியில் கத்தி பட்டால் பரவிவிடும்.

உண்மை: முறையாக எடுக்கும் ஊசி பயாப்சியால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆபத்து அவசர அறுவையில் இருக்கிறது. உதாரணமாக, லேத்தில் நிற்பவரின் தொடையில் வலியில்லாத கட்டி ஒன்று எலுமிச்சை அளவைத் தாண்டி வளர்கிறது. ‘கொழுப்புக் கட்டிதான்’ என்று ஸ்கேன்கூடப் பார்க்காமல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அது சார்கோமா என்ற மென்திசுப் புற்றுநோயாக இருந்தால் மிச்சம் உள்ளேயே தங்கிவிடலாம். அடுத்த அறுவை இன்னும் பெரிதாகும். 5 செ.மீ.க்கு மேற்பட்ட, அல்லது வளர்ந்துகொண்டே போகும் கட்டிக்கு முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு ஊசி பயாப்சி, அதற்கப்புறமே அறுவை. பயாப்சி ஸ்லைடையும் பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசு) கேட்டு வாங்கி வையுங்கள். பெரிய மருத்துவமனையில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

நம்பிக்கை: மருந்துக்கே லட்சக்கணக்கில் ஆகும்.

உண்மை: எல்லாவற்றுக்கும் அல்ல. இரைப்பை, குடலில் வரும் ‘ஜிஸ்ட்’ கட்டிக்கு இமாடினிப் மாத்திரை உண்டு. அதை விற்ற நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய் என்றிருந்தபோது, இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைச் சுமார் 10,000 ரூபாய்க்குத் தந்தன. நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-இல் சென்னை காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. காப்புரிமை பெற்ற புதிய மருந்துகளின் விலைதான் இன்றைய சிக்கல். அதற்குக் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்கக்கூடிய 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கையும் பெரும்பாலும் மரபணுக் கோளாறுகளுக்கானதே.

நம்பிக்கை: சிகிச்சைக்குப் போனால் சம்பளம் போச்சு.

உண்மை: தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குப் புற்றுநோய் வந்தால், சராசரிக் கூலியில் 80 சதவீதம் வரை, 2 ஆண்டுகள் வரை கிடைக்க வழியுண்டு. அதற்கு 2 ஆண்டு தொடர் வேலையும் 156 நாள் சந்தாவும் வேண்டும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பலருக்கு இந்த இடத்தில்தான் உதைக்கிறது. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது இ.எஸ்.ஐ. எண் போட்டால் பழைய சந்தா கணக்கில் வராமல் போகலாம். ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஒரே எண்தான்; பழைய எண்ணையே தொடரச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: பெங்களூரு பக்கம்தானே, அங்கே பார்த்துக்கொண்டால் போதும்.

உண்மை: சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 300 கி.மீ.க்கும் மேல், பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை சுமார் 40 கி.மீ. பெங்களூரு போவதில் தவறில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள். இன்னொன்றும் உண்டு: புற்றுநோய்ப் பதிவேடு வசிப்பிடத்தை வைத்து எண்ணுவது. பெங்களூரில் சிகிச்சை பெறும் ஓசூர்க்காரர் பெங்களூருப் பதிவேட்டில் சேரமாட்டார். அங்கிருந்து தகவல் வராவிட்டால் தமிழ்நாட்டுப் பதிவேட்டிலும் விடுபடுவார். எண்ணிக்கையே குறைவான நோயில் பத்துப் பேர் விடுபட்டாலும் கணக்கு தப்பிவிடும். கணக்கில் வராத நோய்க்கு எந்த அரசும் நிதி ஒதுக்காது. இரு மாநிலப் பதிவேடுகளும் தகவல் பரிமாறிக்கொள்வதும், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இத்தகைய நோயாளிகளுக்கு வழிகாட்டத் தனி ஆள் இருப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல.