கோப்பு திறவாதபோது



ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய இரவு. என் லினக்ஸ் கணினியில், கோப்பு மேலாளரான நாட்டிலஸில், ஏட்டின் பி.டி.எஃப். கோப்பை இருமுறை சொடுக்கினேன். பக்கங்கள் வரவில்லை, திரை முழுவதும் கிறுக்கெழுத்துகள்! “கோப்பு கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவு” என்றார் அறைத்தோழர். நானும் துணிந்திருப்பேன். ஆனால் முதல் வரியில் ‘%பிடிஎஃப்’ என்ற குறி தெளிவாகத் தெரிந்தது. அது பி.டி.எஃப். கோப்பின் தொடக்க முத்திரை அன்றோ! கோப்பு கெடவில்லை, தவறான செயலியின் கையில் சிக்கியிருந்தது.

கோப்பு மேலாளர் தானாக எதையும் படிப்பதில்லை. கோப்பின் வகையை அறிந்து, அதற்குரிய செயலியைப் பட்டியலில் பார்த்து ஒப்படைப்பதே அதன் பணி. நாம் செய்யும் மாற்றங்கள் நம் இல்லக் கோப்புறைக்குள், ‘.கான்ஃபிக்’ என்பதில், ‘மைம்ஆப்ஸ்.லிஸ்ட்’ கோப்பில் பதிவாகும். முந்திய வாரம் நானே கைதவறிப் பி.டி.எஃப். வகைக்கு உரைத்திருத்தியைக் குறித்திருந்தேன்!

உங்களுக்கும் இவ்வாறு நேர்ந்தால்:

1. உரைத்திருத்தியைச் சேமிக்காமல் மூடுக. சேமித்தால் கோப்பு உண்மையிலேயே கெடலாம்.

2. கோப்பைப் படியெடுத்து வைக்க.

3. உரிய செயலியை முதலில் திறந்து, அதன் வழியே கோப்பை அழைக்க. திறந்தால் இரண்டும் நலம்; இடையிலுள்ள பட்டியலே பிழை.

4. கோப்பை வலச்சொடுக்கி, உரிய செயலியைத் தேர்ந்து, இவ்வகைக்கு எப்போதும் அதுவே என்று குறிக்க.

5. மூன்றாம் படியிலும் திறக்கவில்லையாயின், படிக்கும் அனுமதி உண்டா என்று பார்க்க. பின் வேறு கணினியில் முயல்க.

என் ஏடு மறுநாள் உரிய நேரத்தில் சேர்ந்தது. அழிப்பது எளிது, தோழர்களே. ஆராய்ந்த பின் அழிப்போம்.