சோற்றுப்பானை நிறைந்தால் போதுமா?

ஒரு நாட்டின் உணவு அதன் மக்களுக்குப் போதுமா என்பதை எவ்வாறு கணிப்பது? உள்நாட்டு உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, அதிலிருந்து ஏற்றுமதி, விதை, கால்நடைத் தீவனம், வீணாகும் அளவு ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். எஞ்சுவதைச் சனத்தொகையால் வகுத்தால் ஒருவருக்குரிய பங்கு கிடைக்கும். இதனை உணவு ஐந்தொகை என்பர்.

இந்தக் கணக்கில் இலங்கை மோசமான நாடன்று. சாதாரண ஆண்டுகளில் எமக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியை நாமே விளைவிக்கிறோம். ஆனால் 2016ஆம் ஆண்டுக்கான குடித்தொகை, சுகாதார ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 சதவீதமானோர் உயரத்துக்கேற்ற நிறையின்றியும் இருந்தனர். நாட்டில் சோறு இருக்க இந்தக் குறை ஏன்?

முதற் காரணம், வயிறு நிறைவதும் உடல் போசணை பெறுவதும் ஒன்றல்ல. சோறு சக்தியைத் தரும். வளர்ச்சிக்குப் புரதமும் இரும்புச்சத்தும் விற்றமின்களும் வேண்டும். இலங்கையர் பெறும் விலங்குப் புரதத்தில் ஏறத்தாழப் பாதி மீனிலிருந்தே வருகிறது. ஆகவே எங்கள் போசணைக் கதையை வயலோடு முடித்துவிட முடியாது; கரைக்கும் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வாழும் எனக்கு அந்தக் கரை மயிலிட்டி. வலிகாமம் வடக்கிலுள்ள இத்துறை ஒருகாலத்தில் நாட்டின் முக்கிய மீன்பிடித் துறைகளுள் ஒன்று. 1990இல் போரினால் மக்கள் இடம்பெயர, அது உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. 2017 ஜூலையிலேயே துறைமுகம் விடுவிக்கப்பட்டது. இடைப்பட்ட 27 ஆண்டுகளும் கடலில் மீன் இருந்தது. பிடிக்கத் தெரிந்தவர்களோ முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். நாடு இழந்தது மீனை. அந்தக் குடும்பங்கள் மீனையும், அரிசி வாங்கும் வருமானத்தையும் சேர்த்தே இழந்தன.

பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்து இதையே விளக்கினார். உணவு இருப்பது வேறு. அதைப் பெறும் ஆற்றல் மக்களிடம் இருப்பது வேறு.

2022இல் அதை நாமும் கண்டோம். மண்ணெண்ணெய் இல்லாமல் வடபகுதிப் படகுகள் கரையில் கிடந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா. எங்கள் வீட்டில் அப்போதும் சோறு குறையவில்லை. மீனும் முட்டையும் பால்மாவுமே குறைந்தன. உணவு ஐந்தொகையைவிட எங்கள் கறிச்சட்டி எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

இன்னொரு பங்கீடு வீட்டுக்குள்ளே நடக்கிறது. பெரிய மீன்துண்டு உழைக்கும் வாப்பாவுக்கு, அடுத்தது தம்பிக்கு. கடைசியாக உண்ணும் உம்மாவுக்குக் குழம்பு. பல வீடுகளில் இது அன்பினாலேயே நடக்கிறது. ஆனால் மாதவிடாயால் இரும்பை இழக்கும் பெண்ணுக்கே இரும்புச்சத்து அதிகம் தேவை. அது குறைந்தால் குருதிச்சோகை வரும், களைப்பு வரும், வகுப்பில் கவனம் சிதறும். எந்தத் தேசியப் புள்ளிவிபரமும் எங்கள் வீட்டுக் கோப்பைகளை எட்டிப் பார்ப்பதில்லை.

எனவே மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்: நாட்டில் உணவு உண்டா? அதை வாங்க வருமானம் உண்டா? வீட்டில் எல்லோருக்கும் பங்கு உண்டா?

முதலிரண்டுக்கும் அரசு பதில் சொல்ல வேண்டும். மயிலிட்டி போன்ற துறைகளும், அவற்றை நம்பி வாழ்வோரின் கடலும் பாதுகாக்கப்படுவது போசணைக் கொள்கையின் ஒரு பகுதியே. மூன்றாவது எங்கள் கையில் உள்ளது. சூடை, நெத்தலி போன்ற சிறுமீன்களும் முருங்கையிலையும் பயறும் விலைகூடிய உணவுகளுக்குக் குறைந்தவையல்ல. கீரையில் தேசிப்புளி விட்டால் அதன் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். சோற்றோடு தேநீர் குடித்தால் அது குறையும். பெற்றோரே, இன்றிரவு பரிமாறும்போது ஒரு துண்டு மீனை உம்மாவின் கோப்பையிலும் வையுங்கள்.