தப்பு விட்ட தாளோடு போங்கள்

நீட் டியூஷன் தேடுகிறவர்கள் முதலில் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அடுத்தது, போன வருஷம் எத்தனை பேருக்கு சீட் கிடைத்தது என்பது. அண்ணன் மகளுக்காக நாங்களும் இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே இரண்டு மாதம் அலைந்தோம். இன்றைக்கு யாராவது யோசனை கேட்டால், பிள்ளை தப்பு விட்ட தாளை எடுத்துக்கொண்டு வாத்தியாரைப் பார்க்கப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

அந்தத் தாளை வீட்டிலேயே தயார் செய்யலாம். 2025 நீட் வினாத்தாளை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கு உட்கார வையுங்கள். 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தப்புக்கு 1 போகும். (அதற்கு முந்தைய நான்கு ஆண்டுத் தாள்களில் 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை எழுதச் சொன்னார்கள். அந்த முறை இப்போது இல்லை.) திருத்திய பிறகு, தப்பான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் பிள்ளையே எழுதட்டும்: தெரியாதா, தெரிந்தும் கவனக்குறைவா, குருட்டாம்போக்கில் அடித்ததா?

எந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. என்சிஇஆர்டி புத்தகத்தை வரி விடாமல் படிக்கிற பிள்ளைக்கு உயிரியல் டியூஷன் பெரும்பாலும் தேவைப்படாது. எங்கள் பெண்ணுக்கு இடித்தது இயற்பியல் மட்டும்தான். மூன்று பாடத்துக்கும் சேர்த்து பேக்கேஜாகப் பணம் கட்டத் துடித்தோம், நல்லவேளை, கட்டவில்லை.

இனி டெமோ கிளாஸ். சார் போர்டில் நடத்துவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நூறு முறை நடத்திய பாடத்தை யாரும் அழகாக நடத்துவார்கள். தாளை நீட்டுங்கள். மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போனதும் அதன் முடுக்கம் என்ன என்ற கேள்விக்கு எங்கள் பெண் 'பூஜ்யம்' என்று எழுதியிருந்தாள். முதலில் பார்த்த ஒருவர் "9.8, கீழ்நோக்கி. ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணும்மா" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். அடுத்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏம்மா பூஜ்யம்னு போட்ட?" என்று கேட்டார். "அங்க பந்து நின்னுடுது இல்ல சார்" என்றாள். "முடுக்கமும் இல்லைன்னா, நின்ன பந்து அங்கேயே தொங்கணுமே?" அவள் அரை நிமிஷம் யோசித்தாள். சிரித்தாள். அன்றே அவரிடம் சேர்த்துவிட்டோம்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை என்றால் இன்னொன்றும் பாருங்கள். நீட்டைத் தமிழிலும் எழுதலாம், விண்ணப்பத்திலேயே அதைத் தேர்வு செய்ய வேண்டும். ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. ஆகவே 'உந்தம்' என்றும் 'மொமென்டம்' என்றும் இரண்டையும் சொல்லி நடத்துகிறவராக இருக்க வேண்டும்.

சென்டரில் சேர்ப்பதாக இருந்தால், பணம் கட்டும் முன் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 50 பேருக்கு மேல் படிக்கும் பயிற்சி மையங்களுக்காக ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது, ரேங்க் உறுதி என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, முழுப் பணமும் கட்டிய மாணவர் பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளில் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. இவை வழிகாட்டுதல்கள்தான் என்பதால் ரீஃபண்ட் விஷயத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பித் தெரிந்தவர் ஒருவர் பெருந்தொகையை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். வாசலில் ஃபிளெக்ஸில் சிரிக்கும் பிள்ளைகள் முழு வருஷம் அங்கே படித்தார்களா, டெஸ்ட் பேட்ச் மட்டும் எழுதினார்களா என்றும் கேளுங்கள். எந்த கோர்ஸ், எவ்வளவு காலம் என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சேர்த்த ஆறு வாரத்தில் புதிதாக ஒரு முழுத் தாள் எழுத வையுங்கள். மொத்த மார்க்கை விட்டுவிட்டு, பிள்ளை பக்கத்தில் எழுதிய காரணங்களை மட்டும் எண்ணுங்கள். குருட்டாம்போக்கு விடைகள் குறையவில்லை என்றால் சாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த ஆறு வாரத்திலும் அப்படியே இருந்தால், ஃபீஸ் கட்டிவிட்டோமே என்று இழுக்காமல் வேறு ஆளைப் பாருங்கள்.